தாம்பரத்துப் பிள்ளைகளின் காலை ஆகாரம்

1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய காலந்தொட்டே, சென்னையின் தென்புறத்து ஜனங்களுக்கு வாசம் ஓரிடம், ஜீவனம் வேறிடம் என்பது வழக்கமாகிவிட்டது. 1984-ல் சானடோரியத்தில் மெப்ஸ் என்னும் ஏற்றுமதி வளாகம் ஏற்பட்ட பிறகோ, ஆடவரோடு ஸ்திரீகளும் பொழுது புலரும் முன்பே சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஷிப்டுக்கு ஓடுவது, பம்மலிலும் பெருங்களத்தூரிலும் சிட்லபாக்கத்திலும் சர்வசாதாரணமாயிற்று. இத்தகைய வீட்டுக் குழந்தை பசியோடு பள்ளிக்கூடம் போவதற்கு அரிசிப் பஞ்சம் மட்டுமே காரணம் அன்று. அடுப்பு மூட்டி, ஆக்கி இறக்கி, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட ஆள் இல்லாமையும் காரணம். ஒரு பன்னும் ஒரு டம்ளர் டீயுமாகக் காலை கழிந்துவிடுகிறது. அந்த டீயின் துவர்ப்போ, ஆகாரத்திலுள்ள சொற்ப இரும்புச்சத்தையும் ரத்தத்தில் சேரவிடாமல் தடுப்பது.

பள்ளியில் சோறு போடும் யோசனை இந்த மாநகரத்துக்குப் புதிதன்று. பிட்டி தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, 1920-ல், பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கிற்று. ஆரம்பக் கல்வி நிதியை இதற்குச் செலவிடலாகாதென்று சர்க்கார் ஆட்சேபித்தபடியால் சில ஆண்டுகளில் நின்றும் போயிற்று. பின்னர் காமராஜர் 1956-ல் மதிய உணவைக் கொண்டுவந்ததும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவாக விரித்ததும் எல்லோரும் அறிந்த சரித்திரம். விரயம் என்று அப்போதும் சொன்னவர்கள் உண்டு. 1989-ல் பதினைந்து நாளுக்கு ஒன்றாக வந்த முட்டை, 2010-ல் வாரத்துக்கு ஐந்தாயிற்று.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஆரம்பமாகி, மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தை, நமது புறநகரைப் பொறுத்தவரை, மதியச் சோற்றையும்விட அவசியமானது என்றே நான் மதிக்கிறேன். ஏனெனில் இங்கே தட்டுப்பாடு காலையில்தான். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்றாகக் காய்கறி சாம்பாரோடு தட்டில் விழுகிறது. கறிவேப்பிலையையும் காரட் துண்டையும் விரல் நுனியால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளும் சாமர்த்தியம் நம் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வாய்த்தது. மசித்த பருப்பில் கரைந்துபோன பூசணிக்காயிடம்தான் அந்தச் சாமர்த்தியம் பலிப்பதில்லை.

ஆனால் ஐந்து பிராயத்தில் பள்ளிக்கு வரும் குழந்தையின் வளர்ச்சியில் பெரும்பகுதி அதற்குள் நிர்ணயமாகிவிடுகிறது. கர்ப்பத்தில் தொடங்கி இரண்டாவது பிறந்தநாள் வரையிலான ஆயிரம் நாட்களில் குன்றிய உயரத்தைப் பிற்பாடு எத்தனை பொங்கலாலும் மீட்பது கடினம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். ஆறு மாதம் நிறைந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகையுடையவர்கள். அங்கன்வாடி இருப்பது இவர்களுக்காகவே. கோதுமை, கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் சேர்ந்த சத்துமாவு அங்கிருந்து வீட்டுக்கு வருகிறது. வந்த மாவு கைக்குழந்தைக்கு மட்டுமா போகிறது? அண்ணனுக்கு ஓர் உருண்டை, அக்காளுக்கு ஓர் உருண்டை, மிஞ்சியதே கஞ்சி. மாதந்தோறும் எடை பார்க்கும் முறையோ, 1980-ல் உலக வங்கியின் உதவியோடு நம் மாநிலம் நடத்திய போஷாக்குத் திட்டத்தில் பழகியதுதான். எனினும், வாடகை ஏறியதும் செம்பாக்கத்திலிருந்து மாடம்பாக்கத்துக்கு வீடு மாறும் குடும்பத்தின் குழந்தையும், அடுக்குமாடிக் கட்டடம் முடிந்ததும் வேறு இடத்துக்குப் பெயரும் ஒடிசாத் தொழிலாளியின் குழந்தையும் எந்தப் பதிவேட்டில் நிலைக்கும்?

ஒரு வயதுக் குழந்தைக்கு நாளில் மூன்று நான்கு வேளை சிறுகச் சிறுக ஊட்டவேண்டும். அங்கன்வாடியோ பிற்பகலிலேயே பூட்டப்படுகிறது. தாய் திரும்புவது விளக்கு வைத்த பிறகு. ஊரிலிருந்து பாட்டி வந்து தங்கியிருக்கும் வீடு பாக்கியம் செய்தது. மற்ற வீடுகளுக்காக, அங்கன்வாடியின் நேரத்தை ஷிப்டு நேரத்தோடு ஒத்துப்போகச் செய்து, கூடுதலாக ஓர் ஆயாவையும் நியமித்து, நாலைந்து தொட்டில் கட்ட இடமும் ஒதுக்குவது தாம்பரம் போன்ற தொழில் ஊர்களிலிருந்தே தொடங்கப்படவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.