பல் முளைக்கும் பருவமும் மனையகப் பேணலும்

மழலைச் செல்வத்தைப் போற்றுவதில் தமிழிலக்கியம் என்றும் பின்தங்கியதில்லை. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தம் மணிமேகலைக் காப்பியத்தின் மலர்வனம் புக்க காதையில், மழலை பேசும் சிவந்த வாயிலிருந்து ஒழுகும் நீர், குழந்தையின் மார்பில் கிடக்கும் ஐம்படைத்தாலியை நனைக்கும் காட்சியைக் காட்டுகிறார். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியமோ குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துக்கொண்டது. செங்கீரை 5ஆம் திங்களிலும், தால் 7ஆம் திங்களிலும், சப்பாணி 9ஆம் திங்களிலும், முத்தம் 11ஆம் திங்களிலும் அமையும் என்பர். நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடிய இசுலாமியப் புலவர்களும் இம்மரபைப் போற்றினர். குழந்தையின் முதற் பற்கள் அரும்புவதும் ஏறத்தாழ இத்திங்கள்களில்தான்.

புலவர் கண்டு மகிழ்ந்த அதே வாய்நீரைக் காணும் அன்னையரோ மகிழ்ச்சியோடு கவலையும் கொள்கின்றனர். குழந்தை இரவெல்லாம் அழுகிறது; கைக்குக் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறது; உணவை மறுக்கிறது. இந்நிலையில் வீட்டிலேயே செய்யத் தக்கன யாவை, செய்யத் தகாதன யாவை என்பதையும், எந்த அளவுக்கு மேல் பல்லைக் காரணம் காட்டுதல் கூடாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

பல் முளைப்பது எவ்வாறு?

பால்பற்கள் குழந்தை பிறந்த பின்னர் உருவாவன அல்ல. தாயின் கருவில் இருக்கும்போதே அவை தாடையினுள் உருக்கொள்ளத் தொடங்குகின்றன. பொதுவாக 6ஆம் திங்களை ஒட்டிக் கீழ்த்தாடையின் நடுப்பற்கள் இரண்டும் வெளிப்படுகின்றன. அடுத்து மேல்தாடை நடுப்பற்களும், பின்னர்ப் பக்கப் பற்களும், ஓராண்டு கடந்ததும் முதற் கடைவாய்ப் பற்களும், அதன்பின் கோரைப்பற்களும், இறுதியில் இரண்டாம் கடைவாய்ப் பற்களும் வருகின்றன. இரண்டரை முதல் மூன்று ஆண்டிற்குள் 20 பால்பற்களும் நிறைந்துவிடும்.

இவ்வரிசையும் காலமும் குழந்தைக்குக் குழந்தை மாறுபடும். சிலருக்கு 4ஆம் திங்களிலேயே பல் தோன்றும். சிலருக்கு ஓராண்டு நிறைந்த பின்னரே தோன்றும். மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்னும் நம்பிக்கைக்கு எவ்வித அடிப்படையும் இல்லை. 18 திங்களாகியும் ஒரு பல்லும் தோன்றாவிடின் பல் மருத்துவரிடம் காட்டுதல் நன்று.

பல் ஈற்றைக் கிழித்துக்கொண்டு வருகிறது என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் பல் மேலெழும்போது, அதன் மேலுள்ள எலும்பும் ஈற்றுத் தசையும் சிறிது சிறிதாகக் கரைந்து வழிவிடுகின்றன. அப்போது அவ்விடம் சற்றே சிவந்து வீங்கிக் கூச்சமும் நோவும் தருகிறது. இது சில நாட்களில் தானே தணியும். ஆகவே பல் முளைத்தல் நோயன்று. வளர்ச்சியின் ஒரு படி.

பல்லின் மீது ஏற்றப்படும் பழி

“பல்லு மொளைக்குது, அதான் வயித்தால போகுது” என்னும் சொல் நம் வீடுகளில் வழிவழியாக வழங்கி வருகிறது. காய்ச்சல், வாந்தி, இருமல், வயிற்றுப்போக்கு ஆகிய அனைத்தும் பல்லின் கணக்கில் எழுதப்படுகின்றன. இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய வழக்கன்று. இங்கிலாந்தில் 1839ஆம் ஆண்டின் இறப்புப் பதிவுகளில் ஐயாயிரத்திற்கு மேற்பட்ட இறப்புகளுக்குப் பல் முளைத்தலே காரணமென்று எழுதப்பட்டிருந்தது. அக்குழந்தைகளைக் கொன்றவை பிற நோய்கள். பழி சுமந்தது பல்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவ நிலையத்தார் 125 குழந்தைகளை நாள்தோறும் கவனித்து, 475 பற்கள் வெளிப்பட்ட காலத்தைக் குறித்துவைத்து ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பல் வெளிப்படுவதற்கு 4 நாள் முன்பிருந்து 3 நாள் பின்பு வரை கடித்தல், வாய்நீர் ஒழுகல், ஈற்றைத் தேய்த்தல், சிணுங்கல், கெட்டியான உணவில் விருப்பமின்மை, உடற்சூடு சிறிதளவு மிகுதல் ஆகியவை காணப்பட்டன. ஆனால் கடுங்காய்ச்சல், வாந்தி, இருமல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றிற்கும் பல்லிற்கும் தொடர்பு காணப்படவில்லை. பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2016இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும், பல் முளைத்தலால் உடற்சூடு சற்றே ஏறலாமன்றி அது காய்ச்சல் அளவை எட்டுவதில்லை என்றே கூறியது.

அவ்வாறாயின் பல் முளைக்கும் காலத்தில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் அடிக்கடி வருவதேன் என்னும் வினா எழும். 6ஆம் திங்கள் அளவில் மூன்று மாற்றங்கள் ஒருங்கே நிகழ்கின்றன. கருவில் இருந்தபோது தாயிடமிருந்து பெற்ற நோய்த்தடுப்பாற்றல் அப்போது குறைந்துவிடுகிறது. குழந்தை தவழத் தொடங்கித் தரையில் கிடப்பதையெல்லாம் வாயிலிடுகிறது. தாய்ப்பாலுடன் பிற உணவும் நீரும் புகட்டத் தொடங்குகிறோம். கிருமிகள் நுழைவதற்கு இம்மூன்றும் வாயில் திறந்துவிடுகின்றன. பல் அதே நேரத்தில் வந்து சேர்ந்த ஒரு விருந்தாளி, அவ்வளவே.

மருந்தென வந்த நஞ்சுகள்

பல்லை நோயென்று கருதியதன் விளைவாக உலகெங்கும் குழந்தைகள் பட்ட துன்பம் பெரிது. ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுக் காலம் குழந்தையின் ஈற்றைக் கத்தியால் கீறினர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பெரிதும் விற்பனையான ஓர் அமைதிப் பாகில் மார்பின் என்னும் அபின் சத்து கலந்திருந்தது. அதனை உண்ட குழந்தைகளுள் பலர் உறங்கியவாறே இறந்தனர். இங்கிலாந்தில் விற்ற பல்பொடிகளில் பாதரச உப்பு இருந்தது. கைகால்கள் சிவந்து நோவெடுக்கும் ‘இளஞ்சிவப்பு நோய்’ அதனால் உண்டாயிற்று. 1954இல் பாதரசத்தை நீக்கிய பின்னர் அந்நோய் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. வளைகுடா நாடுகளில் வழங்கிய சில பல்பொடிகளில் ஈயம் மிகுந்திருந்ததை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். அந்நாடுகளில் பணிபுரியும் உறவினர் அனுப்பும் பொருள்களை மகிழ்வுடன் பெறும் நம்மவர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட இயலாது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் நைஜீரிய நாட்டில், ‘என் பிள்ளை’ என்று பொருள்படும் பெயருடன் விற்கப்பட்ட பல் முளைப்பு மருந்தில் டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்தமையால் 84 குழந்தைகள் மாண்டனர். அதே நஞ்சு கலந்த இருமல் பாகினால் 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராப் பகுதியில் இருபதிற்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அப்பாகு நம் தமிழகத்தின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆக்கப்பட்டது என்பது நாம் தலைகுனிய வேண்டிய செய்தி. குழந்தைக்குத் தேவையற்ற மருந்து ஒரு துளியும் தரலாகாது என்பதே இந்நிகழ்ச்சிகள் கற்பிக்கும் பாடம்.

வீட்டில் செய்யத் தக்கவை

பல் முளைக்கும் குழந்தையின் நோவைத் தணிக்க எளிய முறைகளே போதும்.

முதலாவது, விரலால் வருடுதல். நகத்தை ஒட்ட நறுக்கிக் கைகளைச் சோப்பினால் கழுவிய பின், குழந்தையின் ஈற்றை விரல்நுனியால் ஓரிரு நிமிடம் மெல்ல அழுத்தி வருட வேண்டும். எழும் பல்லின் உள்ளழுத்தத்திற்கு எதிராக இவ்வழுத்தம் அமைவதால் நோவு தணிகிறது. குழந்தை எதையேனும் கடிக்க முற்படுவதும் இக்காரணத்தாலேயே.

இரண்டாவது, குளிர்ச்சி. தூய மெல்லிய பருத்தித் துணியைக் கொதித்தாறிய நீரில் நனைத்துப் பிழிந்து, குளிர்பெட்டியில் சற்றே குளிர வைத்துக் கடிக்கத் தரலாம். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மண்பானைத் தண்மையே போதும். கொதித்தாறிய நீரைக் கிண்ணத்திலிட்டு மூடிப் பானை நீரின்மேல் மிதக்க விட்டுக் குளிர்வித்துக் கொள்ளலாம். உறைநிலைக்குக் கொண்டுசெல்லுதல் கூடாது. பனிக்கட்டி மென்மையான ஈற்றைப் புண்ணாக்கும்.

மூன்றாவது, கடிப்பான். உள்ளே நீர்மம் அடைத்ததை விடுத்து, ஒரே துண்டாக அமைந்த கெட்டி ரப்பர் வளையத்தைத் தேர்தல் வேண்டும். நாள்தோறும் அதனைத் தூய்மை செய்தல் வேண்டும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டுதல் ஆகாது.

நான்காவது, உணவு. 6 திங்கள் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே உணவும் மருந்தும், நீரும் வேண்டா. அதன்பின், மசித்த வாழைப்பழம், தயிர் போன்ற குளிர்ந்த மென்மையான உணவுகள் இதமளிக்கும். கேரட் துண்டு, ஆப்பிள் துண்டு போன்றவற்றைக் கடிக்கத் தரின் அவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சர்க்கரை மிகுந்த ரஸ்க்கும் பிஸ்கட்டும் வெளிவந்த பல்லைச் சொத்தையாக்கும்.

ஐந்தாவது, ஒழுகும் வாய்நீரை மென்துணியால் அவ்வப்போது ஒற்றியெடுத்தல். மோவாயும் கழுத்தும் ஈரமாகவே இருந்தால் தோல் சிவந்து புண்ணாகும். சட்டை நனைந்தால் மாற்ற வேண்டும்.

இவையனைத்தினும் மேலானது அணைப்பு. தோளிற் சாய்த்துத் தட்டிக்கொடுத்தலும் தாலாட்டும் குழந்தையின் கவனத்தை நோவிலிருந்து திருப்புகின்றன. அன்னை ஒருத்தியே இரவெல்லாம் விழித்திருக்கலாகாது. தந்தையும் வீட்டிலுள்ள பிறரும் முறைவைத்துச் சுமந்தால் தாயும் குழந்தையும் ஒருசேர இளைப்பாறுவர்.

தவிர்க்கத் தக்கவை

தேன் நோய் தீர்க்கும் பொருளாக மதிக்கப்படுவது உண்மையே. எனினும் ஓராண்டு நிறையாத குழந்தையின் ஈற்றில் தேன் தடவுதல் கூடாது. தேனிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் விதைகள் அக்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். கிராம்பெண்ணெய் பெரியவர் பல்வலிக்கு உதவினும் பச்சிளங் குழந்தைக்கு ஊறு செய்யும். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர்பெற்ற வசம்பிலும் ஐயத்திற்கிடமான வேதிப்பொருள் உண்டெனக் கண்டு, அமெரிக்க நாடு 1968இல் அதனை உணவிற் சேர்ப்பதைத் தடைசெய்தது. வசம்பு கோத்த வளையம் வாய்க்குள் அறுந்தால் மூச்சடைக்கும் இடரும் உண்டு. தொக்கம் எடுத்தல், உரம் எடுத்தல் என்று குழந்தையை உலுக்குவதும் புரட்டுவதும், சூடு போடுவதும் அறவே கைவிடத் தக்கன.

ஈற்றில் தடவும் மரப்புக் களிம்புகளும் வேண்டா. பென்சோகெயின் கலந்தவை இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குலைக்கக்கூடும் என்பதால் 2 வயதிற்குட்பட்டோருக்கு ஆகாவென அமெரிக்க அரசு 2018இல் அறிவித்தது. நோவு மிகுந்தால் பாராசிட்டமால் தரலாம். ஆயினும் மருத்துவர் குழந்தையின் எடையைக் கணக்கிட்டுச் சொன்ன அளவே தர வேண்டும். சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் மருந்தும், பாகில் 5 மில்லிலிட்டரில் 120 அல்லது 125 மில்லிகிராமும் இருக்கும். சொட்டு மருந்து நான்கு மடங்கு வலியது. ஒன்றன் அளவை மற்றொன்றுக்குக் கொண்டால் கல்லீரல் கெடும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குத் தரவே கூடாது.

மருத்துவரை நாடும் வேளை

உடற்சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருப்பின் அது காய்ச்சல். பல் அதற்குக் காரணமன்று. மூன்று திங்களுக்குட்பட்ட குழந்தையாயின் காலந்தாழ்த்தலே கூடாது. பால் குடிக்க மறுத்தல், கண் குழிதல், சிறுநீர் குறைதல், மலத்தில் குருதி, வலிப்பு, மூச்சு விரைதல், எழுப்பியும் விழியாத சோர்வு ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் தாய்ப்பாலை நிறுத்தாமல், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை உறையில் குறித்த அளவு நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். மருத்துவர் தரும் துத்தநாக மருந்தை வயிற்றுப்போக்கு நின்ற பின்னரும் அவர் சொன்ன நாள்வரை தருதல் வேண்டும்.

கோரிப்பாளையத்தில் வாழும் நமக்கு அரசு இராசாசி மருத்துவமனை நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. தொலைவிலுள்ள ஊர்களிலிருந்தெல்லாம் குழந்தைகளைத் தோளிற் சுமந்து அங்கு வருகின்றனர். அருகிலிருக்கும் நம் குழந்தை அங்குச் செல்லத் தாமதமாயின், அதற்குத் தொலைவு காரணமாக இராது. “பல்லுதான், சரியாகிவிடும்” என்ற ஒரு சொல்லே காரணமாக இருக்கும். அச்சொல்லைப் பெரும்பாலும் சொல்பவர் வீட்டின் மூத்தோர். அவர்தம் சொல்லுக்கு இளந்தாய் மறுமொழி கூறத் தயங்குவாள். ஆதலின் சமுதாயப் பெரியோர் இவ்வுண்மையை அறிந்து, “முதலில் மருத்துவரிடம் காட்டுவோம்” என்று தாமே முன்வந்து சொல்லுதல் வேண்டும். இல்லத்தில் படித்த பிள்ளைகளாக விளங்கும் நம் மாணவ மாணவியர், பணிவு குன்றாமல் இதனை எடுத்துரைத்தல் வேண்டும்.

பல்லைக் கண்டு அஞ்சாமல் கொண்டாடிய மரபும் தமிழருக்கு உண்டு. யாழ்ப்பாணத் தமிழர் குழந்தைக்கு முதற்பல் முளைத்ததும் பல்லுக் கொழுக்கட்டை அவிப்பர். கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளைப் பற்களைப் போலப் பதித்து, அவற்றைக் குழந்தையின் தலைமேல் கொட்டி, உற்றார்க்கும் அயலார்க்கும் பகிர்ந்தளிப்பர். சிரியா, லெபனான், ஆர்மீனியா ஆகிய நாடுகளிலும் முதற்பல்லை முன்னிட்டுத் தானியம் வேகவைத்து இனிப்புடன் விருந்தளிக்கும் வழக்கம் உண்டு. தமிழில் முறுவல் என்னும் ஒரே சொல் பல்லையும் புன்னகையையும் குறிக்கும். நம் குழந்தைகளின் முதல் முறுவலை மகிழ்ந்து வரவேற்போம். பிற நோயின் பழியை அதன்மேல் ஏற்றாதிருப்போம்.