கதை ஆடும் களம் – 9: சாகாதவன் கண்ட கனவுகள்

ஹன்னா, விடுதிக்காரரின் மகள். பிறந்ததிலிருந்தே நோயாளி. அவளுக்கு உலகம் என்றால் அந்த அறைதான். போருக்கும் போருக்கும் நடுவில் அங்கே வந்து தங்கும் கூலிப் போர்வீரன் கைம், தான் பார்த்த ஊர்களையும் கடல்களையும் அவளுக்குக் கதையாகச் சொல்கிறான். போர்க்களத்தைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை. ஒருமுறை அவன் திரும்பி வரும்போது அவள் சாகக் கிடக்கிறாள். இனி நீயும் பயணம் கிளம்பப் போகிறாய் என்று தேற்றுகிறான். அவள் போகும் இடத்துக்குத் தன்னால் ஒருநாளும் போய்ச் சேர முடியாது என்பது அவனுக்குத் தெரியும். கைமுக்குச் சாவு கிடையாது.

இது ஒரு வீடியோ கேமில் வரும் கதை. பெயர் ‘லாஸ்ட் ஒடிஸி’.

நாம் எடுக்கும் முடிவுக்கு ஏற்பக் கிளை பிரியும் கதைகளைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த விளையாட்டில் அப்படிக் கிளைகள் இல்லை. ஒரே கதைதான். அதை நிதானமாகச் சொல்கிறது.

‘ஃபைனல் ஃபேன்டஸி’ வரிசையைத் தொடங்கிய ஹிரோனோபு சகாகுச்சி, பழைய நிறுவனத்தை விட்டு வந்து ‘மிஸ்ட்வாக்கர்’ நிறுவனத்தை உருவாக்கினார். 2007 டிசம்பரில் ஜப்பானில் எக்ஸ்பாக்ஸ் 360க்கு இந்த விளையாட்டு வந்தது, நான்கு டிவிடிகள். இசை நோபுவோ உயெமட்சு. பாத்திரங்களை வரைந்தவர் ‘ஸ்லாம் டங்க்’ காமிக்ஸ் படைத்த டகேஹிகோ இனோவே.

சகாகுச்சி செய்த துணிச்சலான காரியம் வேறொன்று. நவோகி பரிசு பெற்ற நாவலாசிரியர் கியோஷி ஷிகெமட்சுவை அழைத்து, கைம் வாழ்ந்த ஆயிரம் ஆண்டுகளைச் சிறுகதைகளாக எழுதச் சொன்னார். விளையாட்டின் தொடக்கத்தில் கைமுக்குப் பழைய நினைவுகள் இல்லை. ஊர்களில் நடக்கும்போது ஏதோ ஒரு காட்சி, யாரோ பேசும் ஒரு பேச்சு, புதைந்த நினைவைக் கிளறிவிடும். உடனே திரையில் எழுத்துகள் எழும். மெல்லிய இசை வரும். உருவங்கள் வராது, குரல் கேட்காது. வாசிக்க மட்டுமே வேண்டும். ஹன்னாவின் கதை அப்படி முதலில் வருவது. ஹாருகி முரகாமியை மொழிபெயர்த்த ஜே ரூபின்தான் இவற்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ஜப்பானில் இந்தக் கதைகள் தனிப் புத்தகமாகவும் வெளிவந்தன.

சாகாமை எத்தனை பெரிய சாபம் என்பது அசுவத்தாமன் கதை கேட்டு வளர்ந்த நமக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே அந்தச் சுமையை நம் கைகளும் உணர்கின்றன. கைமும் அவனைப் போன்ற சாகாதவர்களும் சண்டையில் விழுந்தால், சில சுற்றுகளில் தாமாகவே எழுந்துவிடுவார்கள். உடன் வரும் சாதாரண மனிதர்களை நாம்தான் எழுப்ப வேண்டும். ஆனால் அனுபவம் கூடக்கூடத் தாமாகவே புதுத் திறன் பெறுகிறவர்கள் அந்த மனிதர்கள்தான். சாகாதவர்களோ அவர்களோடு ஒரே அணியில் நின்று, அவர்களிடமிருந்து கற்க வேண்டும். இல்லாவிட்டால் ஆபரணங்களிலிருந்து பெற வேண்டும். ஆயிரம் வருடம் வாழ்ந்தவனுக்குக் கற்றுக்கொடுக்க, நாளை சாகப்போகிறவனிடம் ஏதோ இருக்கிறது. வசனமாகச் சொல்லாமல் சண்டையின் விதியாகவே இதை வைத்திருப்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழவைக்கிறது.

கைமின் மகள் லீரம் வரும் பகுதியும் அப்படித்தான். இறந்துவிட்டாள் என்று நம்பியிருந்த மகளை மரணப் படுக்கையில் கண்டடைகிறான் தகப்பன். அவளுடைய இறுதிச் சடங்குக்குப் பூப்பறித்து வரும் வேலை நம்முடையது. எதிரி இல்லை, பரிசு இல்லை. ஒவ்வொரு பூவாகத் தேடி நடக்கிறோம்.

இத்தனை இருந்தும் இது பரவலாகப் பேசப்படவில்லை. ‘பயோஷாக்’, ‘மாஸ் எஃபெக்ட்’ வெளிவந்த ஆண்டு அது. முறை வைத்து அடிக்கும் சண்டை பழைய பாணி என்றார்கள். அடுத்த காட்சி திரைக்கு வரக் காத்திருக்கும் நேரமும் அதிகம் என்றார்கள். ஜப்பானிலோ எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்தவர்களே குறைவு. வேறு கன்சோலுக்கோ கணினிக்கோ இது வரவே இல்லை. 2016இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஆட வழி பிறந்தது ஓர் ஆறுதல்.

வேகமாக ஓடு, அடி, பறி என்று விரல்களைப் பழக்கிய ஒரு கலை, இங்கே கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வாசி என்கிறது. நான் வாசித்தேன். ஹன்னாவின் கதை முடிந்து கைம் கண்விழித்த பிறகும், அடுத்த பொத்தானை அழுத்த எனக்கு வெகுநேரம் மனம் வரவில்லை.

(தொடரும்)