கொடுத்தலும் கொடுக்கவும்

ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகளை ஓயாமல் தொல்லைப்படுத்தும் விஷயம் ஒன்றுண்டு. வினைச்சொல்லின் பின்னே 'இங்' சேர்ப்பதா, முன்னே 'டு' சேர்ப்பதா என்பதே அது. இதை அந்நிய பாஷையின் விசித்திரமென்று எண்ணிப் பட்டியல் பட்டியலாக நெட்டுருப் போடுகிறார்கள். அவ்வளவு சிரமம் வேண்டுவதில்லை என்பது நம் கருத்து.

செட்டிநாட்டைக் கொண்டே உதாரணம் காண்போம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காரைக்குடியிலும் சுற்றுப்புற ஊர்களிலுமிருந்து நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை சென்று லேவாதேவி நடத்தினர். கணக்கு வழக்குகள் தமிழில் இருந்தன. பாங்கிகளோடும் கோர்ட்டுகளோடும் பழகவோ ஆங்கிலம் வேண்டியிருந்தது. அத்தகைய கடையொன்றிலிருந்து 'ஸ்டாப்டு லெண்டிங்' என்று ஒரு கடிதம் போவதாக வைத்துக்கொள்வோம். கடன் கொடுத்தலை நிறுத்தினோம் என்பது அதன் பொருள். 'ஸ்டாப்டு டு லெண்ட்' என்று எழுதிவிட்டாலோ, கடன் கொடுக்கும் பொருட்டு வேறொரு வேலையை நிறுத்தினோம் என்றாகிவிடும். பற்று வரவான கதைதான்! அவ்வாறே, 'ரிக்ரெட் லெண்டிங்' என்றால் கொடுத்துவிட்ட கடனுக்காக வருந்துதல். 'ரிக்ரெட் டு ஸே' என்றால் இனிச் சொல்லப்போகும் செய்திக்காக வருந்துதல்.

இந்தப் பேதம் தமிழருக்குப் புதிதன்று. 'கொடுத்தல்' தொழிற்பெயர், 'கொடுக்க' வினையெச்சம். முன்னது பெயராகையால் கொடுத்தலை, கொடுத்தலால், கொடுத்தலுக்கு என வேற்றுமையுருபு ஏற்கும். பின்னது உருபு ஏலாது. 'கொடுக்க வந்தான்' என்பதுபோல் வேறொரு வினையை நாடி நிற்கும். ஆங்கிலத்திலும் 'இங்' பெற்ற சொல் இவ்விடங்களில் பெயரே. ஆகவே, நம் உருபுகளின் வேலையைச் செய்யும் 'ஆஃப்', 'பை', 'ஃபார்' முதலிய சொற்களுக்குப் பின் அதுவே வரும். கடித முடிவில் 'லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங்' என்று எழுதுவதன் ரகசியமும் இதுதான். அங்குள்ள 'டு' நமது நான்காம் வேற்றுமைக் 'கு' போன்றது, எச்சத்தின் அடையாளமன்று.

இவ்விதி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. 'வான்ட்' என்பது 'டு'வையும், 'என்ஜாய்' என்பது 'இங்'கையும் வேண்டி நிற்பது வழக்கு. அதை நல்ல நூல்களை வாசித்தே பழகவேண்டும்.

காரைக்குடியில் 1947-இல் அழகப்பச் செட்டியார் கல்லூரி தொடங்கினார். 1985-இல் அவர் பெயரால் பல்கலைக்கழகமும் அமைந்தது. படிக்க வசதிக்குக் குறைவில்லை. ஆயினும், ஆங்கிலம் நன்கு வரவேண்டுமென்று பிள்ளைகளைத் தமிழிலக்கணத்தினின்று விலக்கிவைக்கும் பெற்றோர் உண்டு. அவர்கள் பெட்டகத்தின் சாவியை எறிந்துவிட்டுப் பூட்டை உடைக்கப் பார்க்கிறார்கள்.