மோட்டார் போகவில்லை, பிரேக் வயர்தான்

ஐப்பசி பிறந்துவிட்டால் பாலாற்றங்கரையில் துணி காயாது. அந்தக் கரையிலுள்ள திருமுக்கூடலில் கோடையிலும் ஒரு தொல்லை உண்டு. மதூர், அருங்குன்றம், பழவேரி என்று சுற்றுவட்டாரமெல்லாம் கல்குவாரியும் கிரஷருமாக இருப்பதால், கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலத்துக்குள் தூசி பூசிக்கொள்ளும். ஆகவே இந்தப் பக்கத்து வீடுகளில் ட்ரையரை ஆடம்பரம் என்று யாரும் சொல்வதில்லை.

இங்கே ட்ரையர் என்றால் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் தொட்டி. அதில் சூடு கிடையாது. துணியைச் சுழற்றித் தண்ணீரைப் பிழிந்து தள்ளுவதோடு அதன் வேலை முடிந்தது. பிழிந்ததை ஃபேனுக்கு அடியில் உலர்த்தினால் விடிவதற்குள் பள்ளிச் சீருடை தயார். பட்டுப் புடவையை அதில் போடக் கூடாது என்று காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தொட்டி ஒருநாள் சுற்றாமல் நின்றுவிடும். மெக்கானிக் வருவார். மூடியைத் திறந்து பார்ப்பார், சாத்திவிட்டு டைமரைத் திருப்புவார், உள்ளே 'ஊம்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும்.

"மோட்டார் போயிடுச்சுக்கா."

"எவ்ளோ ஆகும் தம்பி?"

"சாமான் ரெண்டாயிரம். கூலி நீங்க பாத்துக் குடுங்க."

பேச்சு பெரும்பாலும் இதோடு முடிந்துவிடுகிறது. முடியவே கூடாத இடம் இது. 'ஊம்' என்று சத்தம் வந்தால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, அதன் காயிலில் உயிர் இருக்கிறது என்று பொருள். எரிந்துபோன மோட்டார் பெரும்பாலும் சத்தமே போடாது. அல்லது கருகல் நாற்றம் அடிக்கும். முனகும் மோட்டார் சுற்ற முயல்கிறது, ஏதோ ஒன்று தடுக்கிறது. எது தடுக்கிறது என்று பார்ப்பதில்தான் வீட்டுக்காரரின் பணம் மிஞ்சுவதும் போவதும் இருக்கிறது.

ட்ரையர் தொட்டிக்கு நேர் கீழே ஒரு மோட்டார் நிற்கிறது. இடையில் பெல்ட் இல்லை. ஒரு கப்ளிங் வழியாகத் தொட்டியின் தண்டோடு நேரடி இணைப்பு. நம் வீட்டு மின்சாரம் 50 சைக்கிள் என்பதால், நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1,400 சுற்றை ஒட்டி ஓடும். ஈரத்துணியோடு அந்த வேகத்தில் சுற்றும் தொட்டியை மூடி திறந்ததும் நிறுத்த ஒரு பிரேக் வேண்டும். அதனால் கப்ளிங்கின் விளிம்பில் ஒரு பிரேக் கட்டை எப்போதும் ஸ்பிரிங் அழுத்தத்தில் பிடித்துக்கொண்டே இருக்கும். மூடியைச் சாத்தும்போது, மேலிருந்து வரும் ஒரு மெல்லிய கம்பி அதை இழுத்து விலக்கும். அதுதான் பிரேக் வயர்.

நாலைந்து வருடத்தில் அந்த வயர் நீண்டு தொய்கிறது, அல்லது கொக்கி முனையில் அறுந்துவிடுகிறது. பிறகு மூடி சாத்தியிருந்தாலும் பிரேக் விலகாது. மோட்டார் முனகும், சூடேறும், அப்படியே விட்டால் உண்மையிலேயே எரியும். வயர் பெரும்பாலான கடைகளில் 100 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. தொய்ந்த வயராக இருந்தால் அதுகூட வேண்டாம், கொக்கியை ஒரு ஓட்டை தள்ளி மாட்டினால் சில மாதம் ஓடும்.

வயர் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் கப்பாசிட்டர். பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் தெரியும் வெள்ளை டப்பா அல்லது டின். பல மெஷின்களில் துவைக்கும் மோட்டாருக்கும் ட்ரையர் மோட்டாருக்கும் சேர்த்து ஒரே டப்பா, மூன்று வயரோடு இருக்கும். மேலே 10+4 என்பது போல இரண்டு எண் போட்டிருக்கும். பெரிய எண் துவைக்கிற பக்கத்துக்கு, சின்னது ட்ரையருக்கு. இது பலவீனமானால் தொட்டி தானாகக் கிளம்பாது. இதுவும் 100, 150 ரூபாய்ச் சாமான்தான். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், வெறுங்கையால் தொடக் கூடாது. இந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. கப்பாசிட்டரைப் பார்த்தாயா என்று கேட்க மட்டும் தயங்க வேண்டாம்.

உண்மையிலேயே மோட்டார் எரிந்திருந்தால் அடுத்த கேள்வி ஏன் எரிந்தது என்பது. மெக்கானிக்குகளில் நல்லவர், சாமர்த்தியசாலி இரண்டு பேரையும் பிரித்துக் காட்டுவது இந்தக் கேள்விதான். தொட்டியின் அடியில், தண்டு வெளியே வரும் இடத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் சீல் இருக்கிறது; கடைக்காரர்கள் பெல்லோ என்பார்கள். ரப்பர் வெடித்தால் பிழிந்த தண்ணீர் தண்டு வழியாகச் சொட்டி நேராக மோட்டார் தலையில் விழும். நம் போர் தண்ணீரின் உப்பு ரப்பரையும் தண்டையும் சீக்கிரம் தின்கிறது. சீலை மாற்றாமல் மோட்டாரை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்காலத்துக்குள் புது மோட்டாரும் போகும். சீலுக்கு 100 முதல் 200 ரூபாய், மோட்டாருக்கு அதைப்போலப் பத்து மடங்கு. மோட்டார் மாற்றச் சம்மதிக்கும்போதே "சீலையும் சேத்து மாத்திடுங்க தம்பி" என்று சொல்லிவிடுவது நல்லது. அதற்குத் தனியாகக் கூலி கேட்க நியாயமில்லை. தொட்டியை எப்படியும் கழற்றத்தான் போகிறார்.

டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் நம் உறவுக்காரர் வீடுகளில் சூடுகாற்று ட்ரையர் இருக்கும். அங்கும் இதே கதை வேறு பெயரில் நடக்கிறது. சூடு வரவில்லை என்று பார்த்தால் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கும், அது மிக மலிவு. ஆனால் துணிப்பஞ்சு அடைத்த காற்றுக்குழாயைச் சுத்தம் செய்யாமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் அதுவும் போகும். அங்கே சாமான் விலையைக் காட்டிலும் ஆள் வந்து போகும் கூலி அதிகம் என்பதால் பலர் தாங்களே கழற்றிப் பழகிவிட்டார்கள்.

இனி விலைக்கு வருவோம். ட்ரையர் மோட்டாருக்கு ஒரு கடையில் 1,000 ரூபாய், அடுத்த கடையில் 2,000 என்பது வழக்கம். இரண்டும் பொய்யில்லை. ஒன்றில் அலுமினியக் காயில், மற்றதில் செம்புக் காயில். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது, தூக்கிப் பார்த்தால் செம்பு கனக்கும். செம்பு கூடுதல் நாள் உழைக்கும், எரிந்தாலும் திரும்பக் காயில் கட்டலாம். வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைகளில் ட்ரையர் மோட்டாரையும் கட்டித்தருபவர்கள் உண்டு. ஆனால் இவ்வளவு சின்ன மோட்டாருக்குக் காயில் கட்டும் கூலி, புது அலுமினிய மோட்டாரின் விலையைத் தொட்டுவிடும். எனவே அதைச் செய்யச் சொல்வதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டும். எரிந்த செம்பு மோட்டாரைக் காயலான் கடையில் எடைக்கு வாங்கிக்கொள்வார்கள். பழைய மோட்டார் உங்களுடையது, மெக்கானிக் பையில் போனால் கூலியில் கழிக்கச் சொல்வதில் வெட்கம் எதற்கு?

கம்பெனிச் சாமானா, லோக்கல் சாமானா என்ற குழப்பம் வேறு. பிரேக் வயர், கப்பாசிட்டர், சீல், டைமர் இவற்றில் நல்ல லோக்கல் சாமான் போதும் என்பது என் கருத்து. டைமரை வாங்கும்போது வயர் எண்ணிக்கையும் குமிழ் மாட்டும் தண்டின் வடிவமும் பொருந்தினால் சரி, 200, 300 ரூபாய்க்குள் முடியும். தொட்டி, மூடி, கப்ளிங் ஆகியவை அந்தந்த மாடலுக்கே உரியவை, அவற்றில் சமரசம் செய்தால் சுற்றும்போது மெஷின் வீடெல்லாம் நடக்கும். பெட்டியில் அடைத்து விற்கும் எந்தச் சாமானிலும் எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் சட்ட அளவியல் விதி. மெக்கானிக் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டுச் சாமானை மட்டும் கையில் கொண்டுவருவதன் ரகசியம் இதில் இருக்கிறது. "பெட்டி எங்க தம்பி?" என்று கேளுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதிகாரிகளிடம் புகார் சொல்லலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. வாலாஜாபாத்தில் இருந்து பாலத்தைத் தாண்டி டூவீலரில் வருகிறவருக்குப் பெட்ரோல் செலவோடு பாதி நாளும் போகிறது. 100 ரூபாய் வயரை மாட்டிவிட்டு 400 ரூபாய் கூலி கேட்டால் நாம் முகம் சுளிக்கிறோம். 2,000 ரூபாய் மோட்டாரை மாட்டிவிட்டு அதே கூலி கேட்டால் நியாயம் என்கிறோம். பழுதைக் கண்டுபிடிக்கும் அறிவுக்கு நாம் காசு தராத வரை, அந்தக் காசு சாமான் விலைக்குள் ஒளிந்துதான் வரும்.

சாமான் கிடைப்பது அடுத்த பாடு. ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. அங்கே சாம்சங் ஆலையில் வாஷிங் மெஷின் தயாராகிறது; 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாள் நடந்த தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் அந்த ஆலையை நாடே அறியும். புதுச்சேரியில் வேர்ல்பூல் ஆலை. மெஷின்கள் பிறப்பது நம் பக்கத்தில். ஆனால் ஒரு கப்ளிங் வேண்டுமென்றால் சர்வீஸ் சென்டர் ஆர்டர் போட்டு, கிடங்கிலிருந்து கூரியரில் வர வேண்டும். அதற்குள் கார்த்திகை முடிந்துவிடும். கம்பெனியே இல்லாமல் போனால் இன்னும் மோசம். ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் நிறைய இருந்த வீடியோகான், 2018-இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. அந்த மெஷின்களுக்கு இன்று தொட்டியும் மூடியும் தேடுகிறவர்கள் பழைய மெஷின் வாங்கிக் கழற்றி விற்கும் காயலான் கடைகளைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷினின் சர்க்யூட் போர்டு என்றால் சென்னை ரிச்சி தெருப் பக்கம் போய் ரிப்பேர் பார்ப்பவரைத் தேட வேண்டும். புது போர்டு விலை சில ஆயிரங்களில் நிற்கும்.

இருப்பையும் கூலியையும் எழுதி வைக்கும் விஷயத்தில் திருமுக்கூடலுக்கு ஒரு பழைய பெருமை இருக்கிறது. அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்து, அதாவது 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, அங்கே நடந்த ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. 15 படுக்கை, ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர், பணிப்பெண்கள். யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று எழுதியிருக்கிறது. ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு: தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று பெயரும் அளவுமாக. இருப்பும் கூலியும் கல்லில், எல்லார் கண்ணிலும் படும்படி. அதே ஊரில் இன்று தன் வீட்டு மெஷினின் சீல் இருப்பில் இருக்கிறதா, என்ன விலை என்று அறிய ஒருவர் நாலு பேருக்கு போன் போட வேண்டியிருக்கிறது.

சட்டம் இந்தத் திசையில் மெதுவாக நகர்கிறது. உதிரிபாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் வைத்துக்கொண்டதற்காக 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,500 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. பிறகு வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளமும் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருட்களும் அதில் அடக்கம். கம்பெனிகள் தகவலைப் பகிர ஓர் இடம் என்ற அளவில் அது நல்லது. ஆனால் இத்தனை ஆண்டு இருப்பு வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வேறு விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் கடைசி வாஷிங் மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 10 ஆண்டு அதன் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும், கேட்டால் 15 வேலை நாளுக்குள் தர வேண்டும். நமக்கு வேண்டியதும் அதுதான், கூடவே தமிழில் ஒரு விலைப்பட்டியல்.

அதுவரை செய்யக்கூடியது கொஞ்சம்தான். மெஷின் பின்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை, எழுத்து அழிவதற்குள் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மாடல் எண் இல்லாமல் சர்வீஸ் சென்டர் வாயே திறக்காது. கடைக்குப் போகும்போது பழைய சாமானையே கொண்டுபோங்கள். மோட்டாராக இருந்தால் தண்டின் கனமும் போல்ட் ஓட்டைகளின் இடைவெளியும் பொருந்த வேண்டும், பெயர் மட்டும் போதாது. மெஷினின் அடிப்பக்கம் திறந்திருந்தால் ஒரு வலை அடித்துவிடுங்கள், கிராமத்து வீட்டில் வயரிங்கைக் கெடுப்பதில் எலிக்குத்தான் முதலிடம். மூடி சுவிட்ச் கெட்டுப்போனால் சிலர் இரண்டு வயரையும் முறுக்கி 'டைரக்ட்' கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூடி திறந்தும் தொட்டி சுற்றினால் குழந்தையின் கை உள்ளே போகும். சுவிட்ச் விலை பிரேக் வயரைவிடப் பெரிதில்லை.

அடித்தட்டு உடைந்து, தொட்டியும் விரிசல் விட்டுவிட்டால் மெஷினை விட்டுவிடலாம். எக்ஸ்சேஞ்சில் போடும் முன் மெக்கானிக்கை வைத்து டைமர், கப்பாசிட்டர், பிரேக் வயர், மூடி இவற்றைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாமா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். பழைய மெஷினுக்கு அவர்கள் தரும் தொகை அதனால் குறையாது என்றால் எடுத்து வையுங்கள். தெருவில் இன்னொரு வீட்டில் அதே மாடல் இருக்கும்.