முகவரி கிடைக்காத கணினி

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாகிவிட்ட செம்பாக்கத்தில் காணப்படும் சிறு அலுவலகங்களில், ஐந்தாறு கணினிகளும் ஒரு பிரிண்டரும் கேபிள்கள் வந்து கூடும் சுவிட்ச் என்னும் பெட்டியில் இணைந்திருந்தாலும், அவற்றைக் கவனிக்கத் தனி நிர்வாகி இருப்பது அரிது.

இணைப்பு அறுந்ததும் சேவை நிறுவனத்தைக் குறைசொல்வதற்கு முன், கேபிள் செருகிய இடத்தில் சிறுவிளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, கணினியின் அடையாள எண்ணாகிய ஐபி முகவரியை 'ஐபிகான்ஃபிக்' கட்டளையால் அறிவது முறை. அது 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் ரௌட்டரை எட்ட முடியாமல் விண்டோஸ் தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள்; கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ சுவிட்சிலோதான். கூகுளின் 8.8.8.8 முகவரி 'பிங்' கட்டளைக்குப் பதிலளித்தும் இணையதளங்கள் திறக்காவிட்டால், பெயர்களை எண்களாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவையையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இவற்றினும் பெருந்தொல்லை, வைஃபை எட்டவில்லையென்று ஊழியர் எவரேனும் வீட்டிலிருந்து கொண்டுவந்து செருகும் பழைய ரௌட்டர்: அதுவும் தன்போக்கில் முகவரி வழங்கத் தொடங்குவதால், காலையில் பிரிண்டரைக் கண்டுகொண்ட கணினி, மதியம் மீண்டும் இயக்கப்பட்டதும் அதைக் காணாமல் தவிக்கும். முகவரி வழங்கும் அந்த டிஎச்சிபி வசதியை நிறுத்திய பிறகே அத்தகைய ரௌட்டரை இணைக்கலாம்.