கோப்பிப் பொறியும் குடத்துத் தண்ணீரும்

புதிய பொறி ஒன்று வீட்டுக்குள் வரும்போது அது பிறந்த நாட்டின் வழக்கங்களையும் கூடவே கொண்டு வருகிறது. அந்நாட்டில் எது தாராளமாகக் கிடைக்கிறதோ அதை அது கணக்கில் எடுப்பதில்லை. இவ்வுண்மையை எனக்குக் கற்பித்தது ஒரு கோப்பிப் பொறி. கற்பதற்கு நான்கு நாட்கள் சென்றன.

எங்கள் வீடு ஊர்காவற்றுறையில். மகன், இலங்கைத் தமிழர் பலர் வாழும் பலேர்மோ நகரில், இத்தாலியின் சிசிலித் தீவில், தொழில் செய்கிறான். நயினை நாகபூஷணி அம்மன் ஆனித் திருவிழாவுக்கு வந்த உறவினர் ஒருவரிடம் இப்பொறியைக் கொடுத்தனுப்பியிருந்தான். “ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எடுப்பன், அப்பா. குடிச்சுப் பாத்திட்டு எப்பிடி எண்டு சொல்லுங்கோ” என்பது அவன் சொல்லியனுப்பிய செய்தி. வியாழக்கிழமை காலையில் பெட்டியைப் பிரித்தேன்.

மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த தூளிலே கொதிநீரை ஊற்றி, மூக்குப்பேணியில் அருந்திப் பழகியவர்கள் நாம். ‘எஸ்பிரெஸ்ஸோ’ என்னும் முறை வேறு. 90 முதல் 96 பாகை வரை சூடேறிய நீரை, அழுத்திய தூளின் ஊடாக, வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு விசையோடு செலுத்துவது அது. இத்துறையில் தூரின் நகரத்து மொரியொந்தோ 1884இலும், மிலான் நகரத்துப் பெசேரா 1901இலும் காப்புரிமை பெற்றனர். நீராவியை நம்பிய அப்பழைய முறையைக் கைவிட்டு, நெம்புகோலால் நீரை அழுத்தும் பொறியைக் கடைகளுக்குக் கொண்டுவந்தவர் காஜியா. அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய செய்தி. இன்றைய வீட்டுப் பொறிகளில் நெம்புகோலின் வேலையைப் பெரும்பாலும் ஒரு சிறு மின்பம்பி செய்கிறது.

நிற்க. முதல் தடை மின்சாரத்தில் வந்தது. இத்தாலியிலும் இங்கும் 230 உவோல்ற்று மின்சாரமே. ஆனால் செருகியின் கால்கள் நமது துவாரங்களுக்குப் பொருந்தவில்லை. இணைப்பி ஒன்றை வாங்கி, மேசையருகிலிருந்த பழைய 5 அம்பியர் துவாரத்தில் மாட்டப் போனேன். பொறியின் அடியிலே 1,350 உவாற்று என்று பொறித்திருந்தது. அதை 230ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6 அம்பியர் வருகிறது. சிறு வகுத்தற் கணக்கு ஒன்று வீட்டைத் தீயிலிருந்து காத்தது என்றே கொள்ளுகிறேன். பொறியைச் சமையலறையின் 15 அம்பியர் துவாரத்துக்கு மாற்றினேன்.

இரண்டாம் தடை பெரிது. தொட்டியிலே தண்ணீர் நிறைந்திருந்தது. பம்பி பெரும் வண்டு போல இரைந்தது. ஒரு துளியும் வரவில்லை. பழுதான பொருளையா மகன் வாங்கினான் என்று மனம் சோர்ந்தது. அயல் வீட்டு இளைஞன், தோட்டங்களுக்கு நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்துபவன், ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டான்.

“சேர், இது காத்துப் பிடிச்சிருக்கு. எங்கட தண்ணி மிசினும் இப்பிடித்தான்.”

அவன் சொன்னதே சரி. அப்பம்பியினுள் மின்காந்தம் ஒரு சிறு தண்டை வினாடிக்கு ஐம்பது முறை அசைக்கிறது. உள்ளே காற்று நின்றால், அக்காற்றுச் சுருங்கியும் விரிந்தும் விளையாடுமேயன்றி நீரை இழுக்க விடாது. தொட்டியைக் கழற்றி, அதன் அடிவாயில் நன்கு பொருந்தும்படி அழுத்தி வைத்தோம். பின்னர் நீராவிக் குழாயின் திருகைத் திறந்து பம்பியை ஓடவிட்டோம். தடையின்றிப் போக வழி கிடைத்ததும் காற்றுச் சீறி வெளியேறியது. இரைச்சல் தணிந்தது, நீர் வந்தது. வறண்ட பம்பியை நெடுநேரம் ஓடவிட்டால் அது சூடேறிக் கெட்டுவிடும் என்பதையும் அவனே சொன்னான்.

மூன்றாம் தடை என் மனைவி. முதற்பாவனைக்கு முன் இரண்டு தொட்டித் தண்ணீரை ஓட்டிக் கொட்டிவிட வேண்டும் என்றது குறிப்பேடு. அவள் குடத்தின் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

“பவுசரைப் பாத்துக்கொண்டு வாசலிலை நிண்டது மறந்து போச்சே? நல்ல தண்ணியைக் கொட்டவோ?”

நன்னீரின் அருமை தீவகத்தார்க்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. வேலணையின் சாட்டிக் கிணறுகளும் நெடுந்தீவின் சாராப்பிட்டிக் கிணறுகளும் பெயர்பெற்றிருப்பது இதனாலேயே. அப்படியானால் எங்கள் கிணற்று நீரைக் கழுவுதற்கேனும் விடலாமே என்றேன். அவள் மறுமொழி கூறாமல் கேத்திலைத் திறந்து காட்டினாள். உட்சுவரெங்கும் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. நமது மண்ணின் அடியிலே சுண்ணாம்புக்கல். அதனூடாக வரும் நீரைச் சூடேற்றினால், கரைந்திருந்த சுண்ணாம்பு கல்லாகிப் படிகிறது. கேத்திலைச் சுரண்டலாம், மயிரிழை போன்ற குழாய்களை எவ்வாறு சுரண்டுவது? உவர் நீரின் உப்போ உலோகத்தையே அரித்துவிடும்.

ஆகவே நல்ல தண்ணீரையே விட்டோம். வெளிவந்ததை ஒரு துளியும் சிந்தாமல் வாளியில் ஏந்தினோம். அது முருங்கைக் கன்றுக்குப் போயிற்று, மனைவியும் சமாதானமானாள்.

எஞ்சியது தூள். நமது மல்லிக் கோப்பித் தூளை இட்டபோது, மாவைப் போல் இறுகிய அத்தூள் வழியை அடைத்துக்கொண்டது. ஒரு நிமிடத்தில் நாலைந்து கரிய துளிகளே வீழ்ந்தன. பின் மகன் அனுப்பிய தூளை, தராசிலே 14 கிராம் நிறுத்து, சமமாகப் பரப்பி அழுத்தினேன். இறுக்கம் போதாமல் பத்து வினாடியிலே வெளிறிய நீர் பாய்ந்தது. மீண்டும், சற்று அழுத்தமாக. இம்முறை 27 வினாடிகள்; தேன் நிற நுரை போர்த்த கோப்பி. அப்போது ஞாயிறு பிற்பகல் மூன்று மணி.

மகன் அழைத்தான். நடந்ததெல்லாம் சொல்லி, “உங்கட நாட்டுக்காரருக்குத் தண்ணியின்ர அருமை தெரியாது, தம்பி” என்று முடித்தேன். அவன் சிரிக்கவில்லை.

“அப்பா, 2024இல சிசிலியில சரியான வறட்சி. பலேர்மோவிலயும் முறை வைச்சுத்தான் தண்ணி விட்டவை. நாங்களும் வாளியில பிடிச்சு வைச்சம்.”

நான்கு நாட்களாக நான் இத்தாலியரைக் குறை கூறி வந்திருக்கிறேன். அவன் வாளியோடு நின்ற செய்தி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவன் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. அன்று பொறியைப் பற்றிய பேச்சு அத்துடன் நின்றது; அவன் அங்கே என்ன உண்கிறான், எத்தனை மணிக்கு உறங்குகிறான் என்றெல்லாம் நெடுநேரம் கேட்டேன்.

இப்போது நாளுக்கு இரண்டு கோப்பி. தொட்டியை நிரப்புவதில்லை, இரண்டுக்கு வேண்டிய அளவை மூக்குப்பேணியால் அளந்து மனைவியே ஊற்றுகிறாள்.