எடுவார்ட் டால்மன்

எடுவார்ட் டால்மன் (மார்ச் 11, 1830 – டிசம்பர் 23, 1896) ஒரு ஜெர்மானியத் திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவரும் கடல் வணிகரும் துருவ நாடாய்வாளரும் ஆவார். அண்டார்க்டிக் கடலுக்கு முதன்முதலில் நீராவிக் கப்பலைச் செலுத்திச் சென்றவர் இவரே. வட துருவப் பகுதியிலுள்ள ரேங்கல் தீவில் கால் பதித்த முதல் ஐரோப்பியராகவும் இவர் குறிப்பிடப்படுகிறார். இவர் எந்த அறிவியல் கழகத்தாலும் அனுப்பப்பட்டவர் அல்லர். திமிங்கில எண்ணெய், தோல், தந்தம், தானியம் என ஏதேனும் ஒரு சரக்கைத் தேடிச் சென்ற பயணங்களிலேயே இவருடைய கண்டுபிடிப்புகள் நிகழ்ந்தன.

தொடக்க காலம்

டால்மன் வட ஜெர்மனியில் பிரேமன் நகருக்கு அருகே, புளூமென்டால் பகுதியைச் சேர்ந்த பிளேத்தே என்னும் ஊரில் பிறந்தார். வேசர் ஆற்றங்கரையிலுள்ள இப்பகுதி மாலுமிகளுக்குப் பேர் பெற்றது. இளம் வயதிலேயே கடற்பணியில் சேர்ந்த இவர், திமிங்கில வேட்டைக் கப்பல்களில் பணியாற்றிக் கப்பல் தலைவராக உயர்ந்தார். பசிபிக் பெருங்கடலின் வட பகுதியில் வேட்டையாடிய கப்பல்களுக்கு அக்காலத்தில் ஹவாயின் ஹொனலுலு துறைமுகமே முதன்மைத் தளமாக விளங்கியது.

ரேங்கல் தீவு

1866 ஆம் ஆண்டில் டால்மன், ஹவாய்க் கொடியுடன் சென்ற டபிள்யூ. சி. டால்பட் என்ற வணிகக் கப்பலின் தலைவராக இருந்தார். சைபீரியாவின் வடகிழக்குக் கரையிலும் அலாஸ்காக் கரையிலும் வாழ்ந்த மக்களிடம் தோலும் தந்தமும் வாங்குவது அப்பயணத்தின் நோக்கமாகும். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில், சைபீரியாவுக்கு வடக்கே உள்ள பெரிய தீவு ஒன்றில் அவர் இறங்கினார். உருசியக் கடற்படை அலுவலர் பெர்டினண்ட் ரேங்கல் 1820களில் இத்தீவைத் தேடிச் சென்றும் அடைய முடியாமல் திரும்பியிருந்தார்.

டால்மன் இதனை உடனே உலகுக்கு அறிவிக்கவில்லை. அடுத்த ஆண்டு (1867) அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர் தாமஸ் லாங், கரையிறங்காமல் கப்பலிலிருந்தே தீவைப் பார்த்து, அதற்கு ரேங்கலின் பெயரை இட்டார், அப்பெயரே நிலைத்தது. டால்மனின் பயண விவரம் பல ஆண்டுகள் கழித்தே அச்சில் வெளிவந்தது.

அண்டார்க்டிக் பயணம் (1873–1874)

வட கடல்களில் திமிங்கிலங்கள் அருகி வந்த காலம் அது. தென் துருவக் கடலில் 1840களில் பயணம் செய்த ஆங்கிலேயரான ஜேம்ஸ் கிளார்க் ராஸ், அங்கே திமிங்கிலங்கள் மிகுதியாக உள்ளதாக எழுதியிருந்தது ஐரோப்பிய வணிகர்களிடையே நம்பிக்கையை ஊட்டியது. கப்பல் உரிமையாளர் ஆல்பர்ட் ரோசென்தாலின் முயற்சியால் தொடங்கப்பட்ட ஜெர்மன் துருவக் கப்பற் போக்குவரத்துக் கழகம், குரோன்லாண்ட் என்ற நீராவிக் கப்பலை டால்மனிடம் ஒப்படைத்தது. இதனை 1868 இல் கார்ல் கோல்டவே வட துருவப் பயணத்துக்குப் பயன்படுத்திய அதே பெயருடைய சிறு பாய்க்கப்பலுடன் குழப்பிக் கொள்ளலாகாது.

1873 ஜூலையில் ஹாம்பர்க்கிலிருந்து புறப்பட்ட குரோன்லாண்ட், நவம்பரில் தெற்கு ஷெட்லாந்து தீவுகளை அடைந்தது. தேடி வந்த 'ரைட்' வகைத் திமிங்கிலம் அங்கே கிடைக்கவில்லை. இவ்வகை மெதுவாக நீந்தும். கொன்ற பின்னரும் நீரில் மிதக்கும். எனவே படகிலிருந்து கையால் ஈட்டி எறிந்தே பிடிக்கலாம். டால்மன் கண்டவையோ துடுப்புத் திமிங்கிலம் போன்ற விரைந்து நீந்தும் இனங்கள். அவை கொல்லப்பட்டால் மூழ்கிவிடும். கண்ணெதிரே திமிங்கிலங்கள் திரிந்தும் அவரிடம் இருந்த கருவிகளால் பயனில்லாமற் போயிற்று. இழப்பை ஈடுகட்டச் சீல்களை வேட்டையாடித் தோலும் எண்ணெயும் சேர்த்தனர்.

இவ்வேட்டையின் ஊடே, 1874 ஜனவரியில், டால்மன் அண்டார்க்டிக் மூவலந்தீவின் மேற்குக் கரையோரமாக ஏறத்தாழ 65 பாகை தென் அகலாங்கு வரை சென்றார். அங்கே கண்ட நீர்ப்பரப்புக்குப் பிஸ்மார்க் நீரிணை என்றும், அருகிலுள்ள தீவுக்கூட்டத்துக்குக் கைசர் வில்ஹெல்ம் தீவுகள் என்றும் பெயரிட்டார். இக்கூட்டத்தில் பூத், பீட்டர்மன், குரோக்மன் ஆகிய தீவுகள் அடங்கும். பீட்டர்மன் தீவு, துருவ ஆய்வுக்கு ஜெர்மனியில் பெரிதும் குரல் கொடுத்த புவியியலாளர் ஆகஸ்ட் பீட்டர்மனின் பெயரைத் தாங்கியது. குரோக்மன் தீவு பின்னாளில் பெல்ஜியப் பயணத் தலைவர் டி கெர்லாஷ் இட்ட ஹோவ்கார்ட் என்ற பெயராலேயே அறியப்படலாயிற்று.

1874 மார்ச் 1 அன்று, ஜார்ஜ் மன்னர் தீவிலுள்ள பாட்டர் குடாவில் தம் வருகையைக் குறிக்கும் உலோகப் பலகை ஒன்றை டால்மன் நிறுவினார்.

முதலிட்டவர்கள் எதிர்பார்த்த வருவாய் கிடைக்கவில்லை. கழகம் இத்தகைய பயணத்தை மீண்டும் மேற்கொள்ளவில்லை. ஆயினும் டால்மனால் பிடிக்க இயலாத அதே திமிங்கில இனங்களை, நார்வே நாட்டவர் உருவாக்கிய வெடி ஈட்டியும் நீராவிப் படகுகளும் கொண்டு 1904 முதல் தென் துருவக் கடலில் பெருமளவில் வேட்டையாடினர். 20 ஆம் நூற்றாண்டில் தென் அரைக்கோளத்தில் மட்டும் ஏறத்தாழ 20 இலட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன.

சைபீரியாவும் நியூ கினியும்

1877 முதல் 1884 வரை, பிரேமனைச் சேர்ந்த வணிகர் லுட்விக் குனூப்புக்காக, காரா கடல் வழியே சைபீரியாவின் எனிசே ஆற்றுக்குக் கப்பல் வழி ஏற்படுத்த டால்மன் முயன்றார். 1877 இல் எனிசேயை அடைந்தார். ஆனால் பல கோடைகளில் பனிக்கட்டி வழிமறித்தது. இவ்வழியில் ஆண்டுதோறும் நம்பத்தக்க வணிகம் நடத்த இயலவில்லை.

அடுத்து வெப்ப மண்டலம். 1884–85 இல் சமோவா என்ற நீராவிக் கப்பலின் தலைவராக, இயற்கை அறிஞர் ஓட்டோ பின்ஷுடன் நியூ கினியின் வடகிழக்குக் கரையை ஆராய்ந்தார். செப்பிக் ஆற்றின் முகத்துவாரம் 1885 இல் இப்பயணத்தின்போதே ஐரோப்பியர்க்குத் தெரியவந்தது. இதனை வெறும் நாடாய்வு எனக் கொள்ள முடியாது. பெர்லின் வங்கியாளர் அடால்ஃப் பான் ஹான்சமனின் நியூ கினிக் கழகத்துக்காக நிலம் தேடிய பயணம் இது. அக்கரையில் வாழ்ந்த மக்களின் இசைவு கேட்கப்படாமலே அவர்கள் நிலம் ஜெர்மன் குடியேற்றப் பகுதியாயிற்று. டால்மன் 1893 வரை இக்கழகத்தின் பணியில் இருந்தார். பின்னர் தாயகம் திரும்பிப் புளூமென்டாலில் காலமானார்.

பெயர் தாங்கும் இடங்கள்

அண்டார்க்டிக்காவில் பிராபண்ட் தீவுக்கும் ஆன்வர் தீவுக்கும் இடைப்பட்ட டால்மன் விரிகுடாவும், பப்புவா நியூ கினியில் மடாங் துறைமுகத்தின் நுழைவழியும் இவர் பெயரைக் கொண்டுள்ளன. பாட்டர் குடாவில், அர்ஜென்டினாவின் கார்லினி நிலையத்தில் (முன்னர் ஜுபானி), ஜெர்மனியும் அர்ஜென்டினாவும் இணைந்து 1994 இல் திறந்த ஆய்வகம் டால்மன் ஆய்வகம் எனப்படுகிறது. அவர் பலகை நாட்டிய அதே குடாவில் அதன் படி ஒன்று, அண்டார்க்டிக் உடன்படிக்கையின் வரலாற்றுச் சின்னங்களுள் 36 ஆம் எண்ணாகப் பதிவு பெற்றுள்ளது.